தயிர் பாக்டீரியா சுரக்கும் பாலிசாக்கரைடை ‘ப்ரீபயாடிக்’ என்று எழுதலாமா?

பின்னால் படிக்க வருபவர்களுக்காகக் கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நுண்ணுயிரியல் முதுகலை மாணவர் ஒருவர் நொதித்த பாலிலிருந்து ஒரு லாக்டிக் அமில பாக்டீரியாவைப் பிரித்தெடுத்திருக்கிறார். அது நூல் நூலாக இழுபடும் ஒரு பாலிசாக்கரைடை (பல சர்க்கரைகள் சங்கிலியாகக் கோர்த்த பெரிய மூலக்கூறை) வெளியே சுரக்கிறது. அதை எத்தனால் ஊற்றி வீழ்படிய வைத்து, உலர்த்திப் பொடியாக்கியிருக்கிறார். செயற்கை இரைப்பை நீரில் போட்டபோது பொடியின் பெரும்பகுதி சிதையவில்லை. அப்புறம் ஒரு புரோபயாடிக் பாக்டீரியாவுக்கு (உடலுக்கு நன்மை தரும் என்று உயிரோடு உட்கொள்ளும் பாக்டீரியாவுக்கு) அதையே உணவாகக் கொடுத்திருக்கிறார், அது வளர்ந்திருக்கிறது. இப்போது அவர் கேட்பது: இதை வைத்து ஆய்வேட்டில் ‘ப்ரீபயாடிக்’ என்று எழுதலாமா? இழுபடும் தயிரைச் சாப்பிட்டாலே அந்தப் பலன் கிடைத்துவிடுமா? நாலைந்து முறை மாற்றி வளர்த்ததும் பாக்டீரியா நூல் விடுவதை நிறுத்திவிட்டதே, ஏன்?

மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் முதல் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: கையில் இருக்கும் சோதனைகள் உண்மையில் எதைக் காட்டியிருக்கின்றன? நான் நொதித்தல் ஆய்வகத்தில் இந்த வெளிப்புறப் பாலிசாக்கரைடுகளோடு, அதாவது எல்லோரும் இபிஎஸ் என்று சொல்லும் பொருளோடு, வருடக்கணக்கில் மல்லுக்கட்டுபவன். மருத்துவன் இல்லை. அதனால் பாக்டீரியா, வேதியியல் பக்கம் உறுதியாகப் பேசுவேன். நோயாளிக்கு என்ன கொடுக்கலாம் என்ற பக்கம் போகமாட்டேன்.

சுருக்கமான பதில் வேண்டுமென்றால்: ‘ப்ரீபயாடிக்’ என்று எழுத முடியாது. ‘ப்ரீபயாடிக் ஆகும் வாய்ப்புள்ளதா என்று ஆராயத் தகுந்தது’ என்று எழுதலாம், அதுவும் கீழே சொல்லப்போகும் சில கட்டுப்பாட்டுச் சோதனைகளைச் செய்த பிறகு. இது வார்த்தை விளையாட்டு இல்லை. 1995-இல் கிப்சனும் ராபர்ஃப்ராய்டும் இந்தக் கருத்தை முன்வைத்ததிலிருந்தே அதற்கு நிபந்தனைகள் இருக்கின்றன. புரோபயாடிக், ப்ரீபயாடிக் ஆய்வாளர்களின் பன்னாட்டு அமைப்பு 2017-இல் வெளியிட்ட வரையறை இன்று பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டது. அதன்படி ப்ரீபயாடிக் என்பது உடலில் வாழும் நுண்ணுயிரிகள் தேர்ந்து பயன்படுத்தும் பொருள், அப்படிப் பயன்படுத்துவதால் அந்த உடலுக்கு ஆரோக்கியப் பலன் கிடைக்க வேண்டும். குடல்வரை சிதையாமல் போய்ச் சேர வேண்டும். அங்கே எல்லாக் கிருமியும் தின்னாமல் சில மட்டும் தின்ன வேண்டும். அதனால் மனிதனுக்கு அளக்கக்கூடிய நன்மை வர வேண்டும். மூன்றாவது நிபந்தனையை எந்தக் குடுவையிலும் காட்ட முடியாது. நீங்கள் செய்திருப்பது முதல் நிபந்தனையில் ஒரு பகுதி, இரண்டாவதில் ஒரு துணுக்கு.

அந்தத் துணுக்கு நிற்குமா என்று பார்ப்பதற்கு முன் பொடியைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது அங்கேதான். எத்தனால் ஊற்றியதும் வெள்ளையாகத் திரண்டு கீழே இறங்குகிறதே, அது முழுக்க இபிஎஸ் என்று நினைத்துவிடக் கூடாது. பாலில் வளர்த்திருந்தால் கணக்கைப் பாருங்கள். பாலில் லிட்டருக்கு 45 முதல் 50 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. தயிரான பிறகும் அதில் பெரும்பகுதி அப்படியே மிச்சம் இருக்கும். பாக்டீரியா சுரக்கும் இபிஎஸ்ஸோ, பாலில் வளரும் பெரும்பாலான இனங்களில் லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராமிலிருந்து சில நூறு மில்லிகிராம்வரைதான். எத்தனாலில் லாக்டோஸ் சரியாகக் கரையாது, அதுவும் சேர்ந்து படியும். இபிஎஸ்ஸைவிட நூறு மடங்கு அதிகமாக இருந்த சர்க்கரையில் ஒரு சிறு பங்கு ஒட்டிக்கொண்டு வந்தாலும் உங்கள் பொடியில் பாதி அதுவாக இருக்கலாம். குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களில் ஒன்றான பிஃபிடோபாக்டீரியாவுக்கு லாக்டோஸ் மிகப் பிடித்த உணவு. பொடியை வளர்ப்பு ஊடகத்தில் (பாக்டீரியாவை வளர்க்கும் சத்துக் கரைசலில்) 1 சதவீதம் கலந்து ‘வளர்கிறது’ என்றால், எதைத் தின்று வளர்ந்தது?

பாலுக்குப் பதில், லாக்டிக் அமில பாக்டீரியாவுக்கென்றே உள்ள எம்ஆர்எஸ் ஊடகத்தில் வளர்த்திருந்தால் வேறொரு வில்லங்கம். டி மான், ரோகோசா, ஷார்ப் ஆகிய மூவரும் 1960-இல் கொடுத்த அந்தக் கலவையில் லிட்டருக்கு 20 கிராம் குளுக்கோஸ் போக, 4 அல்லது 5 கிராம் ஈஸ்ட் சாறும் இருக்கிறது. ஈஸ்டின் செல்சுவரிலிருந்து வரும் மானன் என்ற பெரிய பாலிசாக்கரைடு அந்தச் சாற்றோடு கூடவே வருகிறது. சிறு மூலக்கூறுகளைக் கழுவி வெளியேற்றும் டயாலிசிஸ் பையின் துளைகள் வழியே அது வெளியேறாது, எத்தனாலில் இபிஎஸ்ஸோடு சேர்ந்து படியும். லாக்டிக் அமில பாக்டீரியாவின் இபிஎஸ்ஸில் மானோஸ் நிறைய இருப்பதாகச் சொல்லும் கட்டுரைகளைப் பார்க்கும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது, எந்த ஊடகத்தில் வளர்த்தார்கள் என்ற வரியைத்தான். பீனால்-கந்தக அமில முறையும் இங்கே உதவாது. எந்தச் சர்க்கரையாக இருந்தாலும் அது மஞ்சளும் ஆரஞ்சும் காட்டும். மொத்தச் சர்க்கரை எவ்வளவு என்று சொல்லும், யாருடைய சர்க்கரை என்று சொல்லாது.

இதற்கான பரிகாரம் செலவில்லாதது, ஆனால் பலர் செய்வதில்லை. பாக்டீரியாவே போடாத வெறும் ஊடகத்தை எடுத்து, அதே வெப்பத்தில் அத்தனை மணி நேரம் வைத்து, அதே அளவு எத்தனால், அதே டயாலிசிஸ், அதே உலர்த்தல் என்று எல்லாப் படியையும் அதற்கும் செய்யுங்கள். கடைசியில் பாட்டிலில் என்ன மிஞ்சுகிறது என்று எடை போடுங்கள். வெறும் ஊடகத்திலிருந்தே கணிசமாகப் பொடி வந்தால் உங்கள் விளைச்சல் எண்ணிக்கையை அந்தக் கழிவைக் கழித்துத்தான் சொல்ல வேண்டும். அந்த வெறும் பொடியையும் வளர்ச்சிச் சோதனையில் ஒரு குழாயில் போடுங்கள். ஈஸ்ட் சாற்றை முன்கூட்டியே நுண்வடிகட்டியில் விட்டுப் பெரிய மூலக்கூறுகளை அகற்றிவிட்டு ஊடகம் தயாரித்தால் இன்னும் நல்லது. இரண்டு மூன்று நாள் டயாலிசிஸ், தண்ணீரை அடிக்கடி மாற்றுவது, புரதத்தை நீக்க ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலம், இவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடைசியில் பொடியை அமிலத்தில் முழுதாகச் சிதைத்து, எந்தெந்தச் சர்க்கரை என்ன விகிதத்தில் இருக்கிறது என்று எச்பிஎல்சியில் (கலவையைப் பிரித்து அளக்கும் கருவியில்) பார்த்துவிட்டால் பாதிச் சந்தேகம் தீரும். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் கருவி கிடைத்தால் சர்க்கரைகளுக்கு இடையேயான பிணைப்புகளும் தெரியும். அது இல்லாமல் ‘ப்ரீபயாடிக்’ பேச்சை எடுப்பதே அவசரம், ஏனென்றால் எந்தப் பாக்டீரியா இதைத் தின்ன முடியும் என்பதைத் தீர்மானிப்பது பிணைப்புதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், விஷயமே இங்கேதான் இருக்கிறது. லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் சுரக்கும் பாலிசாக்கரைடுகள் இரண்டு பெரிய குடும்பங்கள். ஒன்று, ஒரே சர்க்கரை மட்டும் அடுக்கடுக்காகச் சேர்ந்தது. லூகனோஸ்டாக் மெசன்டராய்ட்ஸ் செய்யும் டெக்ஸ்ட்ரான் இதில் பிரபலம். சர்க்கரை ஆலைகளில் சாற்றைக் கொழகொழப்பாக்கி வடிகட்டியை அடைக்கும் பிசின் இதுதான். அந்தப் பிசினுக்குக் காரணம் நுண்ணுயிரி என்று 1861-இலேயே பாஸ்டர் சொல்லிவிட்டார். டெக்ஸ்ட்ரான் முழுக்க குளுக்கோஸ், பெரும்பாலும் ஆல்பா 1,6 பிணைப்பு. ஃப்ரக்டோஸ் மட்டும் சேர்ந்த லெவான், இனுலின் வகைகளும் இந்தக் குடும்பத்தில்தான் வருகின்றன. இவற்றைச் செய்ய செல்லுக்குள் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. செல்லுக்கு வெளியே இருக்கும் ஒரே நொதி, சுக்ரோஸை உடைத்து, அதில் ஒரு பாதியைச் சங்கிலியில் கோர்த்துக்கொண்டே போகும். அதனால் சுக்ரோஸ் தாராளமாக இருந்தால் லிட்டருக்குப் பத்து இருபது கிராம்கூடக் கிடைக்கும். டெக்ஸ்ட்ரானுக்கு உச்சவரம்பு சுக்ரோஸின் எடையில் சுமார் 47 சதவீதம், மீதி ஃப்ரக்டோஸாக வெளியே நிற்கும்.

இன்னொரு குடும்பம் குளுக்கோஸ், காலக்டோஸ், ராம்னோஸ் என்று கலந்து கட்டியது. மூன்று முதல் எட்டு சர்க்கரை கொண்ட ஒரு துண்டு திரும்பத் திரும்ப வரும். தயிரை நூலாக இழுக்க வைப்பவை பெரும்பாலும் இவைதான். இவற்றை பாக்டீரியா செல்லுக்குள்ளேயே துண்டு துண்டாகக் கட்டி, வெளியே தள்ளி, கோர்க்கிறது. ஆற்றல் செலவு அதிகம், விளைச்சல் குறைவு. கெஃபிர் என்ற நொதித்த பால் பானம் செய்யப் போடும் மணிகளில் இருக்கும் கெஃபிரான், குளுக்கோஸும் காலக்டோஸும் ஏறக்குறைய சரிபாதி கலந்தது, இந்த வகையைச் சேர்ந்தது. உங்கள் பாக்டீரியா சுக்ரோஸ் இல்லாத பாலில் நூல் விடுகிறது என்றால் உங்களுடையதும் அநேகமாக இந்த வகைதான்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ‘லாக்டிக் அமில பாக்டீரியாவின் இபிஎஸ் ப்ரீபயாடிக்கா?’ என்ற கேள்விக்கு ஒரே பதில் இருக்கவே முடியாது. லெவானுக்குச் சான்று ஓரளவு நன்றாக இருக்கிறது. புளித்த மாவில் வாழும் சான்ஃப்ரான்சிஸ்கென்சிஸ் என்ற லாக்டோபேசிலஸ் (2020-இல் அந்தப் பேரினத்தையே இருபதுக்கு மேற்பட்டதாகப் பிரித்த பிறகு அதன் பெயர் ஃப்ரக்டிலாக்டோபேசிலஸ்) செய்யும் லெவானை மனித மலக்கரைசலில் சேர்த்தபோது பிஃபிடோபாக்டீரியாக்கள் பெருகின என்று 2000-களின் தொடக்கத்திலேயே காட்டியிருக்கிறார்கள். தனி வளர்ப்பிலும் சில பிஃபிடோ இனங்கள் அதைத் தின்றன. ஃப்ரக்டோஸ் சங்கிலியை உடைக்கும் நொதி அவற்றுக்கு ஏற்கெனவே இருப்பதால் இதில் ஆச்சரியம் இல்லை, இனுலினைத் தின்பவர்களுக்கு லெவான் தூரத்து உறவுதான். ஆனால் கலப்புச் சர்க்கரை வகைக்கு வந்தால் படம் மாறுகிறது. 2000-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் உணவுப் பாக்டீரியாக்களின் பல இபிஎஸ்களைக் குடல் நுண்ணுயிரிகள் சிதைக்கின்றனவா என்று பார்த்தார்கள். சில சுலபமாகச் சிதைந்தன, சில அசையவே இல்லை. ஒரே இனத்தின் இரண்டு வகைகள் செய்யும் இபிஎஸ்களே இப்படி வேறுபடலாம். சிதையாமல் உள்ளே போய்ச் சிதையாமலே வெளியே வரும் பொருள் ப்ரீபயாடிக் ஆகாது. அது வெறும் பருமன்.

டெக்ஸ்ட்ரான் இன்னொரு வகையில் குழப்புகிறது. ‘மனித நொதிகளால் செரிக்க முடியாதது’ என்று பல கட்டுரைகள் முதல் பத்தியிலேயே எழுதிவிடும். கணையத்திலிருந்து வரும் அமைலேஸுக்கு அது உண்மை. ஆனால் சிறுகுடல் சுவரில் ஒட்டியிருக்கும் ஐசோமால்டேஸ், ஆல்பா 1,6 பிணைப்பை மெதுவாக வெட்டும். அதனால் வாய்வழி கொடுத்த டெக்ஸ்ட்ரானில் ஒரு பகுதி குளுக்கோஸாகி ரத்தத்துக்கே போய்விடுகிறது. உங்கள் செயற்கைச் செரிமானச் சோதனையில் பெப்சினும் கணைய நொதியும் மட்டும் இருந்திருந்தால் இது உங்கள் கண்ணில் பட்டிருக்காது. உங்கள் பொடி குளுக்கோஸ் வகை என்று தெரியவந்தால் எலிக் குடலிலிருந்து தயாரித்து விற்கும் நொதித் தூளைச் சேர்த்து ஒருமுறை பாருங்கள்.

செரிமானச் சோதனையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. பிஎச் 1-இல் ஆறு மணி நேரம் வைத்தேன், 95 சதவீதம் தாங்கியது என்று எழுதுவது இந்தத் துறையில் ஒரு வழக்கமாகிவிட்டது. உண்மையான இரைப்பை அப்படி இல்லை. சாப்பிட்டவுடன் பிஎச் ஏறிவிடும், பிறகு மெல்ல இறங்கும், உணவும் மணிக்கணக்கில் அங்கேயே கிடக்காது. இன்ஃபோஜெஸ்ட் என்று பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 2014-இல் வகுத்த பொதுமுறையில் இரைப்பைப் பகுதிக்கு பிஎச் 3, இரண்டு மணி நேரம். சிறுகுடலுக்கு பிஎச் 7, இரண்டு மணி நேரம். அதையே பின்பற்றினால் உங்கள் எண்ணை வேறொருவர் எண்ணோடு ஒப்பிட முடியும். கடுமையாகச் சோதிப்பதால் முடிவு உறுதியாகிவிடாது. லெவானைப் போன்ற ஃப்ரக்டோஸ் சங்கிலிகள் கடும் அமிலத்தில் சுலபமாக உடையும், தேவையில்லாத இடத்தில் அவற்றைத் தோற்கடித்ததாகத்தான் ஆகும்.

சரி, வளர்ச்சிச் சோதனைக்கு வருவோம். ஒரு பாக்டீரியாவைத் தனியாக உட்காரவைத்துச் சோறு போட்டால் அது சாப்பிடத்தான் செய்யும், கூட்டத்தில் முண்டியடித்து அதற்கு ஒரு பிடி கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. பெருங்குடலில் பாக்டீராய்ட்ஸ் என்றொரு கூட்டம் இருக்கிறது. பெரிய பாலிசாக்கரைடுகளைப் பிடித்து, மேற்பரப்பிலேயே வெட்டி, உள்ளே இழுத்துக்கொள்வதில் அவை கில்லாடிகள், அதற்கென்றே மரபணுத் தொகுப்புகள் வைத்திருக்கின்றன. பிஃபிடோக்களும் லாக்டோபேசிலஸ்களும் பெரும்பாலும் சிறிய சங்கிலிகளை உள்ளே வாங்கிக்கொண்டு அங்கே வெட்டுபவை. உங்கள் இபிஎஸ்ஸின் மூலக்கூறு எடை பத்தாயிரத்திலிருந்து சில மில்லியன் டால்டன்வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அவ்வளவு பெரியதை உங்கள் புரோபயாடிக் இனம் வெளியே வெட்டும் நொதி இல்லாமல் எப்படித் தின்றது என்று தேர்வாளர் வாய்மொழித் தேர்வில் கேட்டால் பதில் வேண்டும். மரபணு வரிசை பொதுத் தரவுத்தளத்தில் இருக்கும் இனமாக இருந்தால் அந்த நொதி இருக்கிறதா என்று ஒரு மாலைப் பொழுதில் தேடிவிடலாம். இல்லையென்றால், மறுபடியும் அந்த லாக்டோஸ் சந்தேகத்துக்கே வருவோம்.

சோதனையைத் திரும்பச் செய்வதாக இருந்தால் குழாய்களை இப்படி அமையுங்கள்: சர்க்கரையே இல்லாத ஊடகம், குளுக்கோஸ், இனுலின் அல்லது ஃப்ரக்டோ ஒலிகோசாக்கரைடு (ஃப்ரக்டோஸின் சிறு சங்கிலி), உங்கள் சுத்தப்படுத்திய பொடி, அப்புறம் முன்னே சொன்ன ‘வெறும் ஊடகப் பொடி’. முதல் குழாயை யாரும் மதிப்பதில்லை. பெப்டோனும் ஈஸ்ட் சாறும் இருக்கும் ஊடகத்தில் சர்க்கரை இல்லாமலேயே கொஞ்சம் வளர்ச்சி இருக்கும், அதைக் கழிக்காமல் எந்த வளர்ச்சியையும் உங்கள் பொடியின் கணக்கில் எழுத முடியாது. ஒளி அடர்த்தியை மட்டும் நம்பாதீர்கள், இபிஎஸ் கரைசலே கலங்கலாக இருக்கும். தட்டில் எண்ணுங்கள், பிஎச் இறங்குகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், குழாயில் இபிஎஸ் குறைகிறதா என்று அளப்பது. தின்றால் தட்டு காலியாக வேண்டும், இல்லையா? வளர்ச்சியும் உண்டு, அமிலமும் உண்டு, ஆனால் பாலிசாக்கரைடு போட்டபடியே இருக்கிறது என்றால் வேறு எதையோதான் தின்றிருக்கிறது. ஈ. கோலை ஒன்றையும் பக்கத்தில் வளர்த்துப் பாருங்கள். அதுவும் அதே வேகத்தில் வளர்ந்தால் ‘தேர்ந்து பயன்படுத்துகிறது’ என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடும்.

வசதியும் அனுமதியும் இருந்தால் அடுத்த படி, ஆரோக்கியமானவர்களின் மலக்கரைசலில் காற்றில்லாச் சூழலில், பிஎச் கட்டுப்பாட்டோடு 24 முதல் 48 மணி நேரம் நொதிக்க வைப்பது. ஒருவருடைய மாதிரி போதாது, ஆளுக்கு ஆள் குடல் கூட்டம் வேறு. எந்தப் பாக்டீரியா ஏறியது என்று 16எஸ் (பாக்டீரியாக்களை இனம் காட்டும் மரபணு) வரிசைமுறையில் பாருங்கள். நொதித்தலில் உருவாகும் சிறு கொழுப்பு அமிலங்களான அசிட்டேட், புரொப்பியோனேட், பியூட்டிரேட் எவ்வளவு வந்தது என்றும் அளங்கள். பிஃபிடோ பெருகினாலே பியூட்டிரேட் வரும் என்று எழுதிவிடாதீர்கள். பிஃபிடோ பியூட்டிரேட் செய்யாது, அசிட்டேட்டும் லாக்டேட்டும்தான் செய்யும். அவற்றை வாங்கித் தின்று பியூட்டிரேட் ஆக்குபவை வேறு. அந்தக் கைமாற்று நடக்கக் கூட்டம் வேண்டும், அதனால்தான் தனி வளர்ப்பு போதாது என்கிறேன்.

மனிதர்களில் என்ன தெரியும் என்றால், இங்கேதான் தரை வழுக்குகிறது. தனியாகப் பிரித்தெடுத்த இபிஎஸ்ஸை மனிதர்களுக்குக் கொடுத்துக் குடல் நுண்ணுயிரிகளையும் உடல்நலத்தையும் சேர்த்துப் பார்த்த சோதனைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பெரும்பாலும் உணவாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். 2005-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள், பீட்டா குளுக்கான் சுரக்கும் ஒரு பீடியோகாக்கஸ் இனத்தைக் கொண்டு நூல்விடும் ஓட்ஸ் பானம் தயாரித்துக் கொடுத்தபோது கொலஸ்டிரால் குறைந்தது, பிஃபிடோ கூடியது என்று வெளியிட்டார்கள். நல்ல செய்திதான். ஆனால் ஓட்ஸிலேயே பீட்டா குளுக்கான் இருக்கிறது, பானத்தில் பாக்டீரியாவும் இருக்கிறது. பலன் யாருடையது என்று பிரிப்பது கடினம். இந்தத் துறையின் நிரந்தரத் தலைவலி இது.

எலிகளில் ஏராளமான ஆய்வுகள் இருக்கின்றன, பெரும்பாலும் நல்ல முடிவுகள். அவற்றில் கொடுக்கும் அளவை உடல் எடைக்கு ஏற்ப மனிதனுக்கு மாற்றிப் பார்த்தால் பல நேரம் எந்தத் தயிராலும் எட்ட முடியாத எண் வரும். உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. லிட்டருக்கு 100 முதல் 300 மில்லிகிராம் இபிஎஸ் இருக்கும் தயிர் என்று வைத்துக்கொள்வோம். 200 மில்லி கிண்ணத்தில் இருப்பது 20 முதல் 60 மில்லிகிராம். சிக்கரி வேரிலிருந்து வரும் இனுலினுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் ஏற்றுக்கொண்ட பலன், அதாவது மலம் கழிக்கும் தடவை கூடும் என்பது, நாளுக்கு 12 கிராம் எடுத்தால்தான். அந்த 12 கிராமை இபிஎஸ்ஸாகப் பெற வேண்டுமென்றால், தாராளமான கணக்கிலேயே 200 கிண்ணம், 40 லிட்டர். இபிஎஸ் இனுலினைவிடப் பத்து மடங்கு வீரியமானது என்று ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொண்டால்கூட 20 கிண்ணம். ஆகவே இழுபடும் தயிரைச் சாப்பிட்டு அதன் பாலிசாக்கரைடால் ப்ரீபயாடிக் பலன் பெறுவது என்பதற்கு அளவே இடம்கொடுக்கவில்லை. தயிர் நல்லது, அதற்கு வேறு காரணங்கள் உண்டு.

இந்தக் கணக்கு எங்கே தளர்கிறது என்றும் சொல்லிவிட வேண்டும். சுக்ரோஸ் சேர்த்துப் புளிக்க வைக்கும் மாவில் டெக்ஸ்ட்ரான் அல்லது லெவான் ஒரு கிலோ மாவுக்குச் சில கிராம் வரும், வெய்சல்லா என்ற லாக்டிக் அமில பாக்டீரியாவின் நல்ல இனங்களில் பத்து கிராமைத் தாண்டும். அது ஓரளவு பொருட்படுத்தத்தக்க அளவு. லூகனோஸ்டாக் செய்யும் டெக்ஸ்ட்ரானை அடுமனைப் பொருட்களில் 5 சதவீதம்வரை சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2001-இல் அனுமதித்தது, ஆனால் அந்த அனுமதி மூலப்பொருளாகச் சேர்க்கலாம் என்பதற்குத்தான், ப்ரீபயாடிக் என்று சொல்லிக்கொள்வதற்கு அல்ல. இன்னொரு வழி, அதே நொதிக்கு சுக்ரோஸோடு மால்டோஸையும் கொடுத்தால் அது பெரிய சங்கிலி கட்டாமல் சிறு சிறு ஒலிகோசாக்கரைடுகளாக முடித்துவிடும். சிறியவை என்பதால் பிஃபிடோக்களுக்கு அவை வசதி. ஆனால் அதில் ஒரு பகுதியைச் சிறுகுடலே செரித்துவிடும். என் கணிப்பில் இந்தத் துறையில் நடைமுறைக்கு வரப்போவது இந்தச் சிறு சங்கிலி வகையும் லெவானும்தான். பாலில் மில்லிகிராம் கணக்கில் கிடைக்கும் கலப்பு வகையை ப்ரீபயாடிக் என்று விற்க யாராவது வந்தால், ஒரு வேளைக்கு எத்தனை கிராம் என்று மட்டும் கேளுங்கள்.

அப்படியானால் கலப்பு வகை வீணா? இல்லை. தயிரில் தண்ணீர் பிரியாமல் பிடித்துவைப்பது, கொழுப்பு குறைந்த பாலாடைக்கட்டி ரப்பர் மாதிரி ஆகாமல் பார்ப்பது, இவை நிரூபணமான வேலைகள். நோயெதிர்ப்புச் செல்களோடு இபிஎஸ் நேரடியாக உறவாடுவதற்கும் சான்று வளர்ந்து வருகிறது. பாஸ்பேட் ஏறிய அமில இபிஎஸ் சுரக்கும், பல்கேரிகஸ் என்ற தயிர் பாக்டீரியாவின் ஒரு வகையால் ஆன தயிரை ஜப்பானில் முதியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சளி பிடிப்பது குறைந்தது என்று 2010-இல் ஒரு ஆய்வு வந்தது. அங்கே மில்லிகிராம் அளவே போதுமானதாக இருக்கலாம், ஏனென்றால் அது உணவாக அல்ல, சமிக்ஞையாக வேலை செய்கிறது. ஆனால் அது ப்ரீபயாடிக் கதை இல்லை. உங்கள் பொடிக்கு அப்படி ஒரு குணம் இருக்கலாம் என்று தோன்றினால் ஆய்வேட்டின் திசையையே அந்தப் பக்கம் திருப்பலாம், கைடிடம் பேசிப் பாருங்கள்.

ஆய்வேட்டில் என்ன எழுதுவது? ‘இந்த இபிஎஸ் செயற்கைச் செரிமானத்தைத் தாங்குகிறது, இன்ன இனத்தின் வளர்ச்சிக்குக் குடுவையில் உதவுகிறது, கலப்புக் குடல் நுண்ணுயிரிகளிலும் மனிதர்களிலும் சோதிக்கப்படவில்லை’ என்று அப்படியே எழுதுங்கள். தலைப்பில் ‘ப்ரீபயாடிக் வாய்ப்பு குறித்த முதற்கட்ட ஆய்வு’ என்று வைக்கலாம். நல்ல தேர்வாளர் இதற்கு மதிப்பெண் குறைக்கமாட்டார்.

கடைசிக் கேள்வி, நூல் விடுவது ஏன் நின்றது. லாக்டோகாக்கஸ் போன்ற மிதவெப்ப இனங்களில் இபிஎஸ் மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிடில், அதாவது குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையத்தில், இருக்கின்றன. செல்லுக்கு இபிஎஸ் ஒரு சுமை. ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) இல்லை, வறட்சி இல்லை, உணவு தாராளம் என்ற ஆய்வக வாழ்க்கையில் பிளாஸ்மிடைத் தொலைத்த செல்கள் வேகமாகப் பெருகி மற்றதை ஓரங்கட்டிவிடும். வெப்பத்தை உயர்த்தி வளர்த்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். தெர்மோஃபிலஸ், பல்கேரிகஸ் போன்ற தயிர் பாக்டீரியாக்களில் மரபணு குரோமோசோமிலேயே இருக்கும், ஆனாலும் நகரும் டிஎன்ஏ துண்டுகள் உள்ளே புகுந்து கெடுப்பது உண்டு. நின்றுபோன வளர்ப்பை இன்னும் தூக்கி எறியவில்லையென்றால் அதைத் தட்டில் பரப்பி, ஒவ்வொரு காலனியாகக் கம்பி வளையத்தால் தொட்டு மேலே இழுத்துப் பாருங்கள். கலவையில் நூல் விடும் காலனி ஒன்றிரண்டு இன்னும் இருக்கலாம். கிடைத்ததும் பாலில் ஒருமுறை வளர்த்து, 20 சதவீதம் கிளிசராலில் பல சிறு குழாய்களாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் புதுக் குழாயைத் திறங்கள், ஒரே வளர்ப்பைத் தொடர்ந்து மாற்றி மாற்றி ஓட்டாதீர்கள். நூல் விடாத வகையையும் எறிந்துவிடாமல் ஒரு குழாயில் சேமியுங்கள். அது அதே இனம்தான் என்று உறுதியானால், இபிஎஸ் உள்ளதும் இல்லாததுமாக ஒரு ஜோடி உங்கள் கையில் இருக்கிறது. அடுத்து செய்யப்போகும் எல்லாச் சோதனைக்கும் அதைவிட நல்ல கட்டுப்பாடு வெளியில் வாங்கக் கிடைக்காது.